கை நின்ன இடம்

(இந்த எபிசோடில் ஒரே குரல்தான். காற்றாலை பிளேடு தயாரிப்பில் பல வருடங்கள் வேலை பார்த்த ஒருவர் தன் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)



ராத்திரி பதினோரு மணிக்கு மேல அவுட்டர் ரிங் ரோட்டுல போயிருக்கீங்களா? நசரத்பேட்டைக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவுல எங்கயாவது ஓரமா நிறுத்தச் சொல்லுவாங்க. முன்னாடி ஒரு பொலேரோ, மேல மஞ்சள் லைட்டு சுத்திக்கிட்டு வரும். அதுக்குப் பின்னாடி ஒரு லாரி. லாரி உங்களத் தாண்டிப் போயிடும். ஆனா அது இழுத்துக்கிட்டு வர்ற பொருள் வந்துக்கிட்டே இருக்கும். வெள்ளையா, திமிங்கலம் மாதிரி. கடைசியில ஒரு ஆள், பின் சக்கரத்தைத் தனியா திருப்புறதுக்கு ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு நடந்து வருவார்.

அதுதான் காற்றாலை பிளேடு. இப்போ இந்தியாவுல புதுசா நிறுத்துற மெஷின்ல 140, 150 மீட்டர் விட்டம் இருக்கறது சாதாரணம். அப்படின்னா ஒரு இறக்கை 70 மீட்டருக்கு மேல. நம்ம ஆவடி லோக்கல் ட்ரெயின்ல ஒரு பெட்டி கிட்டத்தட்ட 20 மீட்டர். மூணரைப் பெட்டிய ஒண்ணா சேர்த்து, இணைப்பே இல்லாம ஒரே துண்டா செஞ்சா எப்படி இருக்கும்னு யோசிங்க. எடை பதினஞ்சு டன்னுக்கு மேல போகும்.

என் கூட பைக்ல வந்த பசங்க நிறைய பேர் கேட்ட முதல் கேள்வி, "இதை எந்த மெஷின் செய்யுது?"

மெஷின் செய்யல. கையால செய்றோம். துணியால செய்றோம்.

இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனாலதான் இன்னைக்குக் கொஞ்சம் விலாவாரியா பேசலாம்னு வந்தேன்.

நான் வளர்ந்தது அம்பத்தூர் மண்ணூர்பேட்டையில. அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல ஆரம்பிச்சது, உங்களுக்குத் தெரியும். லேத்து, பிரஸ், பிளேட்டிங், எல்லாச் சத்தமும் எல்லா நாத்தமும் அங்க உண்டு. எங்க தெருவுக்கு வர்ற நாத்தம் கொஞ்சம் தித்திப்பா, மூக்கைக் குத்துற மாதிரி இருக்கும். அது பாலியஸ்டர் ரெசின்ல இருக்கற ஸ்டைரீன். பக்கத்து சந்துல ஒரு எஃப்.ஆர்.பி. ஷெட். பள்ளிக்கூட லீவுல என் மாமா என்னை அங்க கூட்டிட்டுப் போயி விட்டார். தண்ணித் தொட்டி, நாற்காலி சீட்டு, பஸ்ஸுக்கு பம்பர், ரயில் பெட்டிக்கு உள்பக்கச் சுவர்ப் பலகைன்னு ஆர்டருக்குத் தகுந்த மாதிரி செய்வாங்க. பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்துல இருக்கறதால அந்த மாதிரி வேலை இந்தப் பக்கம் நிறைய.

வேலை ரொம்ப எளிமை. மோல்டுக்கு மெழுகு தேய். ஜெல் கோட் அடி. கண்ணாடி நார் மேட்டைக் கிழிச்சுப் போடு. பிரஷ்ஷால ரெசினை ஊத்து, ரோலரால அழுத்திக் காத்தை வெளிய தள்ளு. மறுபடி மேட், மறுபடி ரெசின். காஞ்சதும் தட்டி எடு. அவ்வளவுதான்.

அங்க முதல் நாளே மேஸ்திரி எனக்குச் சொன்ன பாடம் ஒண்ணு இருக்கு. ரெசின்ல ரெண்டு பொருள் சேர்ப்போம். ஊதா நிறத்துல கோபால்ட், தண்ணி மாதிரி இருக்கற கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது. ஒண்ணை ரெசின்ல நல்லா கலக்கி முடிச்சப்புறம்தான் இன்னொண்ணு. மாத்திச் செஞ்சா குப்புன்னு பத்திக்கும். மே மாசம் பக்கெட்ல மிச்ச ரெசினை மறந்து வச்சா, அதுவே சூடாகிப் புகைய ஆரம்பிச்சுடும். கெட்டியாகும்போது ரெசின் தானா சூட்டைக் கக்கும், அதனால. வெயில் ஏற ஏற கை வேகமா போகணும். அங்க கத்துக்கிட்ட அந்த வேகமும் பயமும் எனக்குப் பின்னாடி ரொம்ப உதவிச்சு.

டிப்ளமா முடிச்சு, அதே ஷெட்ல கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் ஒரு பிளேடு தொழிற்சாலையில ட்ரெய்னியா சேர்ந்தேன். பேர் வேண்டாம். அது இப்போ அந்தப் பேர்ல இல்லவும் இல்ல. நம்ம பக்கத்துல இந்தத் தொழில் புதுசு இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. திருவள்ளூர் மாவட்டம் வேங்கல்ல நோர்டெக்ஸ் கம்பெனியோட பிளேடு தொழிற்சாலை இருக்கு. அமெரிக்காவோட டி.பி.ஐ. காம்போசிட்ஸ் சென்னை வட்டாரத்துல 2020-ல பிளேடு செய்ய ஆரம்பிச்சாங்க. தூத்துக்குடி முள்ளக்காட்டுல 1986-ல முதல் காற்றாலைப் பண்ணை வந்த காலத்துலேர்ந்து பாத்தா, தமிழ்நாட்டுல இப்போ 11,000 மெகாவாட்டுக்கு மேல காற்றாலை நிக்குது. தொண்ணூறுகள்ல வந்த 225 கிலோவாட் மெஷின் ஒண்ணு ரொம்பப் பிரபலம், அதோட விட்டமே 27 மீட்டர்தான். இறக்கைய ஒரு சாதாரண லாரியில ஏத்திடலாம். இப்போ அதைவிட அஞ்சு மடங்கு நீளம்.

சரி, எப்படிச் செய்றோம்னு சொல்றேன்.

காத்தாடி விட்டிருக்கீங்கல்ல? காத்தாடியில ஒரு நடுக்குச்சி இருக்கும், அதுதான் பலம். தாள் சும்மா காத்தைப் பிடிக்கறதுக்கு. பிளேடும் அதே கதைதான். வெளியில தெரியற வழவழப்பான உடம்பு ரெண்டு பாதியா, ரெண்டு மோல்டுல தயாராகும். அதை ஷெல்னு சொல்லுவோம். அதுக்குள்ள நீளவாக்குல ஓடற தடிமனான பட்டைக்கு ஸ்பார் கேப்னு பேர். அதுதான் நடுக்குச்சி. மேல் பாதிக்கு ஒண்ணு, கீழ்ப் பாதிக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல சுவர் மாதிரி நிக்கறது வெப். எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டி மூடுவோம்.

ஸ்பார் கேப் செய்யற துணி, நீங்க நினைக்கற குறுக்கும் நெடுக்குமான துணி இல்ல. எல்லா இழையும் ஒரே திசையில ஓடும். வேரிலேர்ந்து நுனி வரைக்கும். மோல்டு மேல அந்தத் துணிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போவோம். ஒரு அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவுல அம்பது அடுக்கு கூட வரும், நுனிக்குப் போகப் போகக் குறையும். ஒவ்வொரு அடுக்கும் எங்க ஆரம்பிக்கணும், எங்க முடியணும்னு மேல லேசர் கோடு காட்டும். ஆனா அதைப் பிரிச்சு, இழுத்து, கையால தடவி, நேரா படுக்க வைக்கிறது ஆளுங்கதான். ரெண்டு பக்கமும் வரிசையா நிப்போம். கல்யாண வீட்டுல நீளப் பந்திக்கு இலை விரிக்கற மாதிரி.

ஷெல்லுல அடுக்குக்கு நடுவுல பால்சா மரக்கட்டையும் ஃபோமும் வரும். பால்சா ஈக்வடார்லேர்ந்து வருது. கையில தூக்கினா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 2020 வாக்குல உலகம் பூரா ஒரே நேரத்துல பிளேடு செஞ்சதுல பால்சா விலை எகிறி, அப்புறம் நிறைய பேர் பி.இ.டி. ஃபோமுக்கு மாறினாங்க. அதாவது நம்ம தண்ணி பாட்டில் செய்யற அதே பிளாஸ்டிக் குடும்பம்.

அடுக்கி முடிச்சதும் மேல பெரிய பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ஓரம் பூரா டேப் ஒட்டி, உள்ள இருக்கற காத்தை பம்ப் வச்சு உறிஞ்சிடுவோம். இங்கதான் ஒரு அழகு இருக்கு. காத்தை எடுத்துட்டா, வெளியில இருக்கற வளிமண்டலம் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் கணக்குல அழுத்தும். பிரஸ் மெஷின் வேண்டாம். வானமே பிரஸ். அந்த அழுத்தத்துல துணி இறுகிக்கும். அப்புறம் பம்பை மூடிட்டு மீட்டரைப் பாத்துக்கிட்டு உக்காருவோம். வேக்கம் இறங்குதா? இறங்கினா எங்கயோ ஓட்டை. ஊசி முனை அளவு ஓட்டையா இருந்தாலும் உள்ள ரெசின் போற வழியில காத்துக் குமிழி வந்துடும். காதை வச்சுக் கேட்டுக்கிட்டே ஓரம் பூரா நடப்போம். கொஞ்சம் ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரும். நைட் ஷிஃப்ட்ல மூணு மணிக்கு அந்த ஸ்ஸ்ஸைத் தேடிக்கிட்டு அறுபது மீட்டர் நடந்ததை நினைச்சா இன்னும் தூக்கம் வருது.

ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சதும் குழாயைத் திறந்தா ரெசின் தானா ஓடிப் போயி எல்லாத் துணியையும் நனைக்கும். வெள்ளைத் துணி நனைய நனைய, கண்ணாடி மாதிரி பாதி ஒளி ஊடுருவற நிறத்துக்கு மாறும். அந்த ஈரக் கோடு மெதுவா முன்னேறி வர்றதைப் பாக்கறது, அலை கரைக்கு வர்ற மாதிரி. அம்பத்தூர் ஷெட்ல பிரஷ் வச்சு ஒரு நாள் பூரா அடிச்ச எனக்கு, இதைப் பாத்ததும் வாய் திறந்துடுச்சு. இங்க ரெசின் எபாக்ஸி. ஸ்டைரீன் நாத்தமும் கிடையாது. சூடாக்கி வேக வச்சு, ஆற விட்டு எடுப்போம்.

இப்போ சுருக்கம் பத்தி.

ஒரு ஈர்க்குக் கட்டை எடுத்து நேரா நிக்க வச்சு மேலேர்ந்து அமுக்கிப் பாருங்க. நல்லா தாங்கும். அதுல நாலஞ்சு ஈர்க்கு நடுவுல வளைஞ்சிருந்தா? அந்த இடத்துலதான் மடங்கும். ஸ்பார் கேப்ல இழை நேரா இருக்கற வரைக்கும்தான் அதுக்கு பலம். அடுக்குக்குள்ள ஒரு துணி சின்னதா மடிஞ்சு அலை மாதிரி ஆயிட்டா, அந்த இழைங்க வளைஞ்சுதான் நிக்கும். மேல இன்னும் இருபது அடுக்கு போட்டுட்டா, அது கண்ணுக்கே தெரியாது. வேக்கம் போட்டு அமுக்கினா அந்த மடிப்பு இஸ்திரி போட்ட மாதிரி நிரந்தரமா உக்காந்துடும்.

அந்த பிளேடு மேல போனப்புறம் என்ன ஆகும்? நிமிஷத்துக்குப் பத்து சுத்துன்னு வச்சுக்கிட்டா, 20 வருஷத்துல பத்து கோடி சுத்துக்கு மேல. ஒவ்வொரு சுத்துலயும் அதோட சொந்த எடையே ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் இழுக்கும். காத்து வேற பின்னாடி வளைக்கும். நுனி மணிக்குக் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வேகத்துல போயிக்கிட்டிருக்கும். கீழேர்ந்து பாத்தா மெதுவா சுத்தற மாதிரிதான் தெரியும், ஏமாந்துடாதீங்க.

நான் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல. மூணாவது ஷிஃப்ட். ஸ்பார் கேப் அடுக்கிக்கிட்டிருந்தோம். முப்பது அடுக்கு தாண்டியாச்சு. வேர்லேர்ந்து இருபது மீட்டர் இருக்கும், நான் நின்ன இடம். புதுசா விரிச்ச துணிய உள்ளங்கையால தடவிக்கிட்டே போறேன். கையுறைக்குள்ள ஒரு இடத்துல ஏதோ தட்டுப்பட்டுச்சு. துடைப்பக் குச்சி அளவுக்கு, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு மேடு. என் துணியில இல்ல. கீழ எங்கயோ.

கை நின்னுச்சு.

நான் தலையைத் தூக்கிப் பாத்தேன். அடுத்த ரோல் வந்துக்கிட்டிருக்கு. ஒரு மோல்டை எத்தனை மணி நேரத்துல காலி பண்ணணும்னு போர்டுல எழுதியிருக்கும். அன்னைக்கு நாங்க ஏற்கெனவே லேட். லைன் லீடர் அண்ணன் மூணு தடவை வாட்சைப் பாத்துட்டார். நான் கையைத் தூக்கினா எல்லாரும் நிக்கணும். மேல போட்ட அடுக்கை ஒண்ணொண்ணா தூக்கணும். கீழ ஒண்ணும் இல்லைன்னா? புதுப் பையன், ட்ரெய்னி, சும்மா லைனை நிறுத்திட்டான்னு பேர் வரும். துணி ஓரம் கொஞ்சம் தடிப்பா இருந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அடுத்த துணி வந்து விழுந்துச்சு. அந்த மேட்டை இன்னும் கொஞ்சம் மெத்துன்னு ஆக்கிச்சு. அதுக்கு அடுத்தது போட்டப்போ ஒண்ணும் தெரியல.

மூணு நாள் கழிச்சு, காஞ்சு வெளிய எடுத்த அந்தப் பட்டையை இன்ஸ்பெக்‌ஷன்ல டார்ச் அடிச்சுப் பாத்திருக்காங்க. கண்ணாடி நாரும் எபாக்ஸியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ள விடும், அதனால பக்கவாட்டுல அடிச்சா உள்ள இருக்கறது நிழலா தெரியும். வெளிறின கோடு ஒண்ணு. அல்ட்ராசோனிக் ப்ரோப் வச்சு எவ்வளவு ஆழம்னு பாத்தாங்க. சுருக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், ரெண்டுக்கும் விகிதம். தாழ்வா, நீளமா இருந்தா சில இடத்துல விட்டுடலாம். இது குட்டையா, செங்குத்தா இருந்துச்சு. ரிப்பேர்னு முடிவு பண்ணாங்க.

ரிப்பேர்னா பூசி மெழுகறது இல்ல. நீளமா ஓடற இழையை வெட்டினா, புது இழை பழைய இழை மேல சரிவா உக்காரணும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நூறு மில்லிமீட்டர் நீளம்னு சரிவு. சுருக்கம் இருபது அடுக்கு ஆழத்துல. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பக்கம் ரெண்டு மீட்டர், இன்னொரு பக்கம் ரெண்டு மீட்டர். விரல் நீளச் சுருக்கத்துக்கு நாலு மீட்டர் பள்ளம்.

உதவிக்கு என்னைப் போட்டாங்க. வெள்ளை ஓவரால், முகமூடி, கண்ணாடி, கழுத்து வரைக்கும் டேப். கிரைண்டர் ஓட்டினவர் ரொம்ப அனுபவசாலி. ஒவ்வொரு அடுக்கா உரிச்சார். ஒவ்வொரு அடுக்கும் ஒரு மெல்லிய கோடா, மரத்துல வளையம் தெரியற மாதிரி தெரியும். நான் டஸ்ட் உறிஞ்சற குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ரெண்டாவது நாள் மத்தியானம் அந்தச் சுருக்கம் வெளிய வந்துச்சு. மடிப்பு மடிப்பா, தேன் நிறத்துல, ரொம்ப அழகா இருந்துச்சு. நான் சொல்லாம விட்டதை நானே தோண்டி எடுத்தேன். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கண்ணாடித் தூள் உடம்புல பட்டா என்ன ஆகும்னு தெரியுமா? அரிக்கும். சுடுதண்ணில குளிக்கக் கூடாது, பச்சைத் தண்ணிதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. அன்னைக்கு குளிச்சுட்டு கேன்டீன்ல உக்காந்திருந்தப்போ, திருநின்றவூர்லேர்ந்து வர்ற அக்கா ஒருத்தங்க எதிர்ல வந்து உக்காந்தாங்க. அடுக்கறதுல எங்க எல்லாருக்கும் சீனியர். மோல்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிர்ல நின்னவங்க.

"தம்பி, அன்னைக்கு உன் கை நின்னுச்சுல்ல?" ன்னாங்க.

நான் ஒண்ணும் பேசல.

"நான் பாத்தேன். கேக்கணும்னு தோணுச்சு. நேரமாச்சேன்னு நானும் விட்டுட்டேன்."

அதுக்கப்புறம் தயிர் சாதத்தைப் பிசைஞ்சு சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் எங்க லீடர்கிட்ட போயி நடந்ததைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். திட்டினார்தான். ஆனா எதுக்குத் திட்டினார்னா, "ரெண்டு நிமிஷத்துல தூக்கியிருக்கலாமேடா, மூணு நாள் போச்சே" ன்னு. அந்த ரெண்டு நிமிஷத்தை அன்னைக்கு யாரு எனக்குக் குடுத்திருப்பாங்கன்னு நான் திருப்பிக் கேக்கல. கேட்டிருக்கணும்.

இதை நான் ஒரு சின்ன விஷயமா நினைச்சு பல வருஷம் யார்கிட்டயும் சொல்லல. 2024-ல ஒரு செய்தி வந்துச்சு. ஜூலை 13-ஆம் தேதி, அமெரிக்காவுல நான்டக்கெட் தீவுக்குப் பக்கத்துல கடல்ல நிறுத்தின ஒரு காற்றாலை, வைன்யார்ட் விண்ட் ப்ராஜெக்ட். அதுல 107 மீட்டர் பிளேடு ஒண்ணு உடைஞ்சுது. ஃபோம், கண்ணாடி நார் எல்லாம் கடற்கரையில ஒதுங்கி, கோடை சீசன் நடுவுல பீச்சையே மூடிட்டாங்க. செஞ்சது ஜி.இ. வெர்னோவா, கனடா கியூபெக்ல காஸ்பேங்கற ஊர்ல இருக்கற தொழிற்சாலை. பத்து நாள் கழிச்சு அந்தக் கம்பெனி தலைவரே சொன்னார்: டிசைன் தப்பு இல்ல, ஒட்டினது சரியா ஒட்டல, தரப் பரிசோதனையில அது மாட்டியிருக்கணும்னு. அங்க செஞ்ச கிட்டத்தட்ட 150 பிளேடுகளோட அல்ட்ராசோனிக் படத்தை எல்லாம் திரும்பவும் எடுத்துப் பாக்க வேண்டியதாயிடுச்சு. அடுத்த வருஷம் அந்த ஊருக்கு நஷ்ட ஈடா 1 கோடியே 5 லட்சம் டாலர் தர ஒத்துக்கிட்டாங்க.

நான் அதைப் படிச்சப்போ எனக்கு டாலர் கணக்கு மனசுல நிக்கல. பசை போட்டு மூடினப்போ அந்த மோல்டு பக்கத்துல யாரோ ஒருத்தர் நின்னிருப்பார்ல, அவரைத்தான் நினைச்சேன். அவர் கையும் நின்னிருக்குமா? தெரியாமலே போயிருக்குமா?

அப்புறம் நான் ட்ரெய்னிங் பக்கம் மாறினேன். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் வாரம் ஒரு விளையாட்டு வைப்பேன். மேசையில ஆறு அடுக்கு துணி. அதுல ஏதோ ஒரு அடுக்குக்குக் கீழ ஒரு நூல் துண்டு. தடவிக் கண்டுபிடிக்கணும். முதல்ல கண்ணால தேடுவாங்க. அப்புறம் கண்ணை மூடிக்குவாங்க. சொன்னா சிரிப்பீங்க, வீட்டுல அரிசி புடைச்சுக் கல் பொறுக்கின பொண்ணுங்க சீக்கிரம் கண்டுபிடிச்சுடுவாங்க. மெக்கானிக்கல் டிகிரி முடிச்சவங்க கொஞ்சம் லேட். ஆனா விளையாட்டுல ரெண்டாவது பாதி ஒண்ணு உண்டு. கண்டுபிடிச்சா வாயைத் திறந்து, சத்தமா, "இங்க" ன்னு சொல்லணும். இதுலதான் பாதிப் பேர் மாட்டிக்குவாங்க. நூல் இருக்கற இடத்துல விரல் நிக்கும். வாய் திறக்காது. சார் என்ன நினைப்பாரோன்னு என் மூஞ்சியைப் பாப்பாங்க. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும்.

சத்தமா சொல்ல வைக்கிறது ட்ரெய்னர் வேலை மட்டும் இல்ல. தப்பா கையைத் தூக்கினவங்களை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. நான் பாத்த நல்ல ஷாப்ல, அடுக்கைத் தூக்கிப் பாத்துக் கீழ ஒண்ணும் இல்லைன்னா லீடர் "சரி, போடு" ன்னு சொல்லிட்டுப் போயிக்கிட்டே இருப்பார். மோசமான ஷாப்ல அதே ஆளு பேர் ஒரு வாரத்துக்கு கேன்டீன்ல ஓடும். ரெண்டு ஷாப்லயும் ஒரே துணி, ஒரே ரெசின், ஒரே லேசர்தான்.

கேள்வி அனுப்பினவங்களுக்குச் சுருக்கமா பதில் சொல்லிட்டுக் கிளம்பறேன்.

பழைய பிளேடை உருக்கித் திரும்பச் செய்ய முடியாதான்னு கேட்டிருக்காங்க. எபாக்ஸி வெந்துட்டா திரும்ப உருகாது. சோறு அரிசி ஆகாதுல்ல, அது மாதிரி. சிமென்ட் சூளையில போடலாம். ரெசின் எரிபொருளா எரியும், கண்ணாடியில இருக்கற சிலிக்கா சிமென்ட்டோட சேர்ந்துடும். கழட்டிப் பிரிக்கற மாதிரி ரெசினும் வந்திருக்கு. சீமென்ஸ் கமேசா 2021-ல அப்படி பிளேடு செஞ்சாங்க, அதுக்கு ரெசின் விஷயத்துல நம்ம ஆதித்யா பிர்லா குழுமத்தோட பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2024-ல பழைய காற்றாலைகளை மாத்தறதுக்குத் தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கு. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் கழட்டப் போற பிளேடு வரிசையில நிக்குது. இது தனி எபிசோடுக்கு ஆகும்.

அலர்ஜி வருமான்னு கேட்டிருக்காங்க. வரும். காயாத எபாக்ஸி தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா சிலருக்கு ஒரு நாள் திடீர்னு ஒத்துக்காம போயிடும். அப்படி ஒரு தடவை ஆயிட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே கை வீங்கும், இந்த வேலையவே விட வேண்டியதுதான். என் கூட இருந்த ஒரு பையன் அப்படித்தான் போனான், ரொம்ப நல்ல கை அவனுக்கு. அதனால கையுறை கிழிஞ்சா உடனே மாத்துங்க. ரெசின் பட்டதைத் தின்னரால துடைக்காதீங்க. அது இன்னும் உள்ள இழுத்துட்டுப் போகும். சோப்புத் தண்ணி போதும்.

கடைசியா, இன்டர்வியூவுக்குப் போறேன், என்ன கேக்கட்டும்னு பட்டாபிராம்லேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. மூணு கேளுங்க. கையுறை ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை ஜோடி குடுப்பீங்கன்னு கேளுங்க. அடுக்கை நிறுத்தச் சொல்ற உரிமை ட்ரெய்னிக்கு உண்டான்னு கேளுங்க. பதில் சொல்றவர் முதல்ல யாரைப் பாக்கறார்னு கவனிங்க. அப்புறம் நைட் ஷிஃப்ட் பஸ் ஆவடி செக்போஸ்ட்ல நிக்குமா, உள்ள வரைக்கும் வருமான்னு கேட்டு வச்சுக்கோங்க. அதுவும் முக்கியம்.